பழைய பாணி வீட்டில் உடை அலமாரியும் உடைமாற்றும் அறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடித்த சுவர், உயர்ந்த கூரை, பலகை பதித்த மரக்கதவு, சுவருக்குள் மாடம், கனமான நிலைச்சட்டம் என்று அமைந்த வீடுகளுக்கு இந்தப் பக்கம். வீடு உண்மையிலேயே பழையதாக இருக்கலாம், பழைய பாணியில் புதிதாகக் கட்டியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அலமாரியின் உள் அளவைத் துணி தீர்மானிக்க வேண்டும், வெளித்தோற்றத்தை வீடு தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பார்க்க அழகான, ஆனால் சட்டை மாட்டினால் கதவு மூடாத அலமாரிகள் உருவாகின்றன.

எங்கிருந்து தொடங்குவது? அறையை அளந்துகொண்டா?

இல்லை, துணியிலிருந்து. இருக்கும் உடைகளை எல்லாம் வெளியே எடுத்து நான்காகப் பிரியுங்கள்: நீளமாகத் தொங்குபவை (கவுன், நீள அங்கி, ஓவர்கோட்), குட்டையாகத் தொங்குபவை (சட்டை, மேற்சட்டை, மடித்து மாட்டும் கால்சட்டை, புடவை), மடித்து அடுக்குபவை, சில்லறைப் பொருட்கள். பிறகு எண்ணுங்கள். ஹேங்கரில் மாட்டிய சட்டைக்குக் கம்பியில் சுமார் 3 செ.மீ. இடம் வேண்டும், கோட்டுக்கு 6 முதல் 7 செ.மீ. அதாவது ஒரு மீட்டர் கம்பியில் 30 சட்டை அல்லது 15 கோட்டு. மடித்த துணி அடுக்கு ஒன்றுக்கு 30 முதல் 35 செ.மீ. அகலம். உயரம் 25 செ.மீ. தாண்டினால் அடியில் இருப்பதை உருவும்போது மொத்தமும் சரியும்.

வந்த கணக்கோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சரியாக நிரம்பும் அலமாரி ஒரு வருடத்தில் பிதுங்கும். இந்தத் தாள் கையில் இல்லாமல் தச்சரை அழைத்தால், அவர் வழக்கமாகச் செய்யும் பெட்டியைத்தான் செய்து தருவார். அது அவர் குற்றமல்ல.

உள் அளவுகள் என்னென்ன? எதில் ஒரு செ.மீ. கூட விட்டுக்கொடுக்கக் கூடாது?

ஆழத்தில். ஹேங்கரின் அகலம் 42 முதல் 45 செ.மீ. தோள்பட்டைத் துணி அதற்கு வெளியே இன்னும் கொஞ்சம் நீளும். ஆகவே துணியைப் பக்கவாட்டில் மாட்டும் அலமாரிக்குக் கதவின் உட்புறத்திலிருந்து பின்பலகை வரை குறைந்தது 55 செ.மீ. வேண்டும். 58 இருந்தால் நிம்மதி. கம்பி இந்த ஆழத்தின் நடுவில் ஓட வேண்டும். பின்பலகை தடிமனையும் கதவுத் தடிமனையும் மறந்து, "மொத்தம் 55" என்று சொல்லிவிடுவதே அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் உள்ளே 50தான் மிஞ்சும், சட்டைக் கை கதவிடுக்கில் சிக்கும்.

உயரங்களுக்கு ஒரு கைக்கணக்கு:

- சட்டை, மேற்சட்டை: கம்பியிலிருந்து கீழே 100 செ.மீ.
- இரண்டாக மடித்து மாட்டிய கால்சட்டை, ஹேங்கரில் மடித்துப் போட்ட புடவை: 75 முதல் 80 செ.மீ.
- நீள அங்கி, கவுன்: 155 முதல் 165 செ.மீ.
- ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைக் கம்பி: கீழ்க்கம்பி 100 செ.மீ. உயரத்தில், மேல்கம்பி 205 செ.மீ. உயரத்தில்
- கம்பிக்கும் அதன் மேலுள்ள தட்டுக்கும் இடையே: 6 செ.மீ. (குறைந்தால் ஹேங்கரைத் தூக்கி எடுக்க முடியாது)
- காலணித் தட்டு: 32 முதல் 35 செ.மீ. ஆழம், 16 முதல் 18 செ.மீ. உயரம், ஒரு ஜோடிக்கு 22 செ.மீ. அகலம்

205 செ.மீ. உயரக் கம்பி எல்லோருக்கும் எட்டாது. வீட்டில் குட்டையானவர் கையைத் தூக்கி எட்டும் உயரத்தை அளந்து, அதற்கேற்ப மேல்கம்பியை இறக்குங்கள், அல்லது பிடித்து இழுத்தால் கீழிறங்கும் கம்பியைப் பொருத்துங்கள். கம்பி ஒரு மீட்டருக்கு மேல் நீண்டால் நடுவில் தாங்கி அவசியம். 25 மி.மீ. குழாய்கூட முழுச் சுமையில் நாளடைவில் வளையும்.

தட்டுகளும் அப்படித்தான். 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) என்றால் இடைவெளி 60 செ.மீ., பிளைவுட் என்றால் 80 செ.மீ. வரை தாங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் தட்டின் முன்விளிம்பில் 40 மி.மீ. உயர மரப்பட்டை ஒட்டுங்கள். தொய்வும் குறையும், பழைய அலமாரித் தட்டின் கனத்த தோற்றமும் தானாக வந்துவிடும்.

சுவருக்குள்ளேயே மாடம் இருக்கிறது. ஆழம் 35 செ.மீ.தான். அதை அலமாரியாக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் பக்கவாட்டில் மாட்ட முடியாது. மடித்த துணி, கைப்பை, காலணி ஆகியவற்றுக்கு 35 செ.மீ. உண்மையில் நல்ல ஆழம். பின்னால் எதுவும் ஒளிந்துகொள்ளாது, எல்லாம் முதல் பார்வையில் தெரியும். மாட்டியே ஆகவேண்டும் என்றால் கம்பியைச் சுவரோரமாக அல்லாமல், உள்ளிருந்து வெளியே இழுக்கும்படி முன்பின்னாகப் பொருத்துங்கள். துணி உங்களைப் பார்த்தபடி தொங்கும். 35 செ.மீ. ஆழத்தில் எட்டு, பத்து சட்டைதான் பிடிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மாடத்தின் அகலம் 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

அந்த மாடத்தை இன்னும் குடைந்து ஆழமாக்கினால்?

வேண்டாம். தடித்த சுவர் பெரும்பாலும் கூரையின் பாரத்தைச் சுமக்கும் சுவர். மாடத்தின் மேல் உத்தரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். ஆழம் போதவில்லை என்றால் முன்பக்கம் 20, 25 செ.மீ. துருத்தும்படி சட்டம் கட்டி அலமாரியை வெளியே இழுங்கள். மூடிக்கிடக்கும் பழைய வாசல் இருந்தால் அது இன்னும் நல்லது. நிலைச்சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே உத்தரமும் இருக்கிறது.

உடைமாற்றும் அறைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் அலமாரி: 60 செ.மீ. அலமாரி, 90 செ.மீ. நடைவெளி, மொத்தம் 150. இரு பக்கமும் அலமாரி: 60, 90, 60 என்று 210. நடைவெளி 75க்குக் கீழே போனால் குனிந்து கீழ் டிராயரைத் திறக்க முடியாது. டிராயர் வெளியே வரும் தூரமும் அதன் முன்னால் நிற்கும் மனிதரும் சேர்ந்ததுதான் அந்த 90. இருவர் ஒரே நேரத்தில் தயாராகும் வீட்டில் 110 முதல் 120 வைத்தால் இடித்துக்கொள்ள மாட்டார்கள்.

நடுவில் மேடை போன்ற டிராயர்ப் பெட்டி வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 60, 90, 60, 90, 60. அறை அகலம் 360 செ.மீ. அதற்குக் குறைவான அறையில் அந்த மேடை வழிமறிக்கும் பெட்டியாகத்தான் முடியும். அதே டிராயர்களைச் சன்னலடியில் இடுப்புயரத்துக்கு வைத்தால் வெளிச்சமும் கிடைக்கும்.

அறை குளியலறையோடு ஒட்டியிருந்தால் இடையில் மூடும் கதவு இருக்க வேண்டும், குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இருக்க வேண்டும். திறந்த வளைவு மட்டும் விட்டால் நீராவி நேராகத் துணிக்குப் போகும்.

அலமாரி வீட்டோடு ஒட்டாமல் புதிதாகத் தெரிகிறது. ஏன்?

மரம் மாறியதால் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் கோடுகள். அறைக்குள் நின்று கதவைப் பாருங்கள். கதவுத் தலை ஒரு உயரத்தில் இருக்கும், கதவின் நடுக் குறுக்குச்சட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 85 முதல் 100 செ.மீ.க்குள் ஓடும், அடியில் சுவரோரப் பட்டை 10 முதல் 15 செ.மீ. உயரம் இருக்கும். இந்த மூன்று கோடுகளையும் அலமாரி முகப்பில் அப்படியே நீட்டுங்கள். அலமாரிக் கதவின் தலை அறைக்கதவின் தலையோடு ஒரே மட்டத்தில். நடுச்சட்டம் அதே உயரத்தில். அடிப்பட்டை சுவரிலிருந்து உடையாமல் அலமாரியின் கீழும் தொடர வேண்டும். இவை மூன்றும் பொருந்திவிட்டால் மரம் வேறாக இருந்தாலும் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

கதவுத் தலைக்கு மேலே மிஞ்சும் இடத்தில் தனியாகச் சின்னக் கதவு போட்டுப் பரணாக விடுங்கள். தரையிலிருந்து கூரைவரை ஒரே கதவு போட்டால் இரண்டு கேடு: பழைய பாணி போய்விடும், 220 செ.மீ. தாண்டிய மரக்கதவு முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

சட்ட அகலங்களை அறைக்கதவிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். 90 செ.மீ. அகலக் கதவுக்கு 11 செ.மீ. சட்டம் கம்பீரமாக இருக்கும். 45 செ.மீ. அலமாரிக் கதவில் அதே சட்டம் வைத்தால் நடுவில் பலகை 23 செ.மீ.தான் தெரியும், கதவு சட்டத்தால் மட்டுமே ஆனதுபோல் இருக்கும். 6.5 முதல் 7.5 செ.மீ. போதும். அடிக் குறுக்குச்சட்டம் மட்டும் மேல் சட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலம் இருக்கட்டும். இரண்டும் ஒரே அகலமாக இருந்தால் கதவு கீழே நழுவுவதுபோல் தோன்றும்.

இன்னொன்று, கூரையோரம். அலமாரி கூரையை முட்ட வேண்டும், அல்லது 30 செ.மீ.க்கு மேல் இடைவெளி விட்டு, தன் தலைப்பட்டையோடு தனித்து நிற்க வேண்டும். 5, 10 செ.மீ. விட்டு நிறுத்துவது மிக மோசம். அளவு தப்பிவிட்டது போலத் தெரியும், துடைக்க முடியாத தூசியும் அங்கே சேரும்.

முழுக்க மரத்தால் செய்யலாமா, பிளைவுட் போதுமா?

உள்பெட்டி பிளைவுட், முகப்பு மரம் என்று பிரிப்பதே நல்லது. மரம் இழைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். 40 செ.மீ. அகலப் பலகை ஈரப் பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும் இடையே 3, 4 மி.மீ. கூட நகரும். பெட்டியின் பக்கங்களை அகலமான மரப் பலகையில் செய்தால் டிராயர்கள் ஒரு பருவத்தில் இறுகும், மறுபருவத்தில் ஆடும். பிளைவுட்டில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அந்த அசைவு மிகக் குறைவு.

முகப்புக் கதவில் இந்த அசைவைச் சமாளிக்கத்தான் சட்டமும் பலகையும் என்ற பழைய முறையே பிறந்தது. சட்டத்தின் உள்விளிம்பில் 10 முதல் 12 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பலகையை அதில் தளர்வாக உட்கார வைப்பார்கள். இரு பக்கமும் 3 மி.மீ. இடம் விட வேண்டும், பசை வைக்கவே கூடாது. பலகையைக் காடியில் ஒட்டிவிட்டால் அது சுருங்கும்போது நடுவில் கிழியும், விரியும்போது சட்டத்தின் மூட்டைப் பிளக்கும். கதவின் சட்டங்களை இணைக்கும் முன்பே பலகைக்கு மட்டும் தனியாகப் பாலிஷ் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் தச்சரிடம் சொல்லிவிடுங்கள். இணைத்த பிறகு பாலிஷ் போட்டால், பலகை சுருங்கும் பருவத்தில் ஓரமெல்லாம் வெளிறிய கோடு எட்டிப் பார்க்கும்.

பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் பலகைக்கு மட்டும் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) நல்ல தேர்வு. பருவத்துக்குப் பருவம் அது பெரிதாக விரிவதில்லை, மூட்டோரத்தில் பெயின்ட் வெடிப்பதில்லை. ஈரத் தரையைத் தொடும் அடிப்பட்டைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், திரும்பப் பழைய நிலைக்கு வராது.

எந்தப் பலகையானாலும் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விளிம்புகளையும் அடைத்தாக வேண்டும். மூடிய அலமாரிக்குள் கண்ணை உறுத்தும் நெடி வருவது பெரும்பாலும் பலகைப் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடால்தான். அது அதிகம் வெளியேறுவது அடைக்காத விளிம்புகள் வழியே. வாங்கும்போதே உமிழ்வு குறைந்த தரம், அதாவது இ1 அல்லது அதைவிட மேலானது, என்று கேட்டு வாங்குங்கள்.

சுவர் நேராக இல்லை. அலமாரியை எப்படி ஒட்டுவது?

பழைய சுவரில் தூக்குக்குண்டு விட்டால் இரண்டு மீட்டரில் 2 செ.மீ. விலகல் சாதாரணம். அதற்குப் பெட்டியைச் சாய்க்கக் கூடாது. பெட்டி எப்போதும் ரசமட்டத்துக்கும் தூக்குக்குண்டுக்கும்தான் கட்டுப்பட வேண்டும். சுவரின் கோணலை ஒரு நிரப்புப்பட்டை, அதாவது பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை மூடும் மரப்பட்டை, வாங்கிக்கொள்ளட்டும்.

முதலில் இடத்தின் அகலத்தை அடி, நடு, உச்சி என்று மூன்று இடத்தில், முன்புறமும் பின்புறமும் அளந்து, ஆறில் மிகச் சிறியதை எடுங்கள். அதிலிருந்து இரு பக்கமும் 3 முதல் 4 செ.மீ. கழித்தது பெட்டியின் அகலம். தரையில் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அடித்தளச் சட்டத்தைத் தனியாக மட்டம் பாருங்கள். பள்ளமுள்ள இடத்தில் ஆப்பு வையுங்கள். அடித்தளம் மட்டமான பிறகுதான் பெட்டி அதன்மேல் ஏற வேண்டும்.

இனி நிரப்புப்பட்டை. இடைவெளியின் மிக அகலமான இடத்தைவிட ஒரு செ.மீ. கூடுதலாக அகலம் கொண்ட பட்டையை எடுத்து, அதன் விளிம்பு சுவரைத் தொடும்படி, தூக்குக்குண்டு நேரில் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்துங்கள். ஒரு கவராயத்தை, பட்டை பெட்டியின் முன்விளிம்பை எவ்வளவு மூடி நிற்கிறதோ அந்த அளவுக்குத் திறந்து இறுக்குங்கள். கவராயத்தின் முனை சுவரைத் தடவியபடி மேலிருந்து கீழே இறங்கட்டும், பென்சில் பட்டையில் கோடு போடட்டும். சுவரின் ஒவ்வொரு வீக்கமும் பள்ளமும் அந்தக் கோட்டில் வந்துவிடும். கவராயத்தை இறங்கும்போது திருப்பாமல் படுக்கைமட்டமாகவே வைத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து, பின்புறம் சற்று உள்வாங்கும்படி சாய்வாக இழைத்துவிட்டால், முன்விளிம்பு மட்டும் சுவரைத் தொட்டு மயிரிழை இடைவெளியோடு உட்காரும். சிலிக்கான் பூசி மறைக்கத் தேவையே வராது.

இந்த நிரப்புப்பட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. அது இல்லாமல் பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் கதவு முழுதாகத் திறக்காது. கதவுக்குப் பின்னாலுள்ள டிராயர் கதவில் இடிக்கும்.

சுவரில் ஈரம் இருக்கிறது. அலமாரி வைத்தால் பூஞ்சை வருமா?

வரும், ஈரத்தின் காரணத்தைத் தீர்க்காவிட்டால். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 60 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் துளி இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

சுவருக்குள்ளிருந்து என்றால், தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நிற்கும், மேல் எல்லையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மேலே தொடங்கி இறங்கினால் கூரைக் கசிவு அல்லது குழாய்க் கசிவைத் தேடுங்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரின்மேல் சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயின்டோ அடித்து "அடைத்துவிட்டோம்" என்று நினைப்பது பெரிய தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டு உலரும். மேலே மூடியைப் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை இவற்றோடு விடுங்கள்.

அலமாரியைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது இதுதான்: பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே 5 செ.மீ. காற்றிடைவெளி. அடிப்பட்டையில் நீளவாக்கில் 15 மி.மீ. பிளவு, தலைப்பட்டைக்குப் பின்னால் அதே அளவு பிளவு. கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் காற்று நகராது. பின்பலகையிலும் அடியிலும் உச்சியிலும் 20 மி.மீ. துளை வரிசை போடுங்கள். கதவின் மேல் பலகைக்குப் பதில் சரிவுச் சட்டங்கள் வைத்தால் பழைய பாணிக்கும் பொருந்தும், காற்றும் வரும்.

உள்ளே சின்ன ஈரப்பத மானி ஒன்று வைத்துவிடுங்கள். 45 முதல் 55 விழுக்காடு நல்லது. 65க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். முடிந்தவரை வெளிச்சுவரை விட்டு, உட்சுவரில் அலமாரி வைப்பதே எல்லாவற்றிலும் எளிய தீர்வு.

விளக்கு எங்கே வைக்க வேண்டும்?

கூரை நடுவில் ஒரே விளக்கு வைத்தால், அலமாரி முன்னால் நிற்கும் உங்கள் நிழலே துணிமேல் விழும். அலமாரி முன்சட்டத்தின் உட்புறம் மேலிருந்து கீழாக எல்இடி பட்டை வைத்து, ஒளி துணியை நோக்கி 45 பாகையில் சாயும்படி அலுமினியக் காடியில் பொருத்துங்கள். மேலே பால்நிற மூடி இருக்கட்டும். பட்டையைப் பின்பலகையில் வைத்தால் கண் கூசும், துணியின் முன்பக்கம் இருட்டாகவே இருக்கும்.

வாங்கும்போது நிறம் காட்டும் திறனை, அதாவது சிஆர்ஐ மதிப்பைக் கேளுங்கள். 90க்குக் குறைந்தால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். ஒளியின் நிறம் 3000 கெல்வின் மரத்துக்கு இசையும். எதை எடுத்தாலும் அறை முழுவதும் ஒன்றையே வையுங்கள். அலமாரிக்குள் ஒன்று, கண்ணாடியருகே வேறொன்று என்றால் ஒரே சட்டை இரண்டு நிறமாகத் தெரியும். உட்புறத்தை வெளிர் நிறமாக்குவதும் விளக்குக்குச் சமம். வெளியே எவ்வளவு கருமரமானாலும் உள்ளே தந்த நிறமோ வெளிர் சாம்பலோ பூசுங்கள்.

எல்இடி பட்டையின் மின்மாற்றிப் பெட்டியைத் துணிக்குப் பின்னால் அடைத்து மூடாதீர்கள். வெப்பம் வெளியேறாமல் அதுதான் முதலில் கெடும். பரணில், கை எட்டும் மூடிக்குள் வையுங்கள். பழைய சூடான இழை பல்பு துணி அலமாரிக்குள் கூடவே கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கண்ணாடி எந்த அளவு?

முழு உருவம் தெரிய, உங்கள் உயரத்தில் பாதி உயரக் கண்ணாடி போதும். பின்னால் நகர்ந்தால் இன்னும் அதிகம் தெரியும் என்பது தவறான எண்ணம், அந்தப் பாதிக்கணக்கு தூரத்தால் மாறுவதில்லை. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 80 செ.மீ. கண்ணாடி, அடிவிளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.யில் இருந்தால் பாதம் வரை தெரியும். ஆனால் வீட்டில் பல உயரத்தார் இருப்பதால் 50 செ.மீ.யில் தொடங்கி 190 வரை போகும் கண்ணாடி எல்லோருக்கும் சரி.

எடையை மறக்க வேண்டாம். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 60க்கு 180 செ.மீ. கண்ணாடி 13.5 கிலோ. இதைக் கதவில் ஒட்டினால் ஒரு கீலாவது கூடுதலாக வேண்டும். ஒட்டுவதற்கு வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் பின்பூச்சை அரித்து, ஒரு வருடத்தில் கறுப்புப் புள்ளிகள் தோன்றலாம். நடுநிலைச் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். உடைந்தால் சிதறாமலிருக்கப் பின்னால் பாதுகாப்புப் படலம் ஒட்டிய கண்ணாடியாக எடுங்கள்.

முகத்துக்கான விளக்கு கண்ணாடிக்கு மேலே அல்ல, இரு பக்கமும், கண் மட்டத்தில். மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே நிழல் தங்கும்.

உட்கார்ந்து அலங்கரிக்கும் மேசை?

உயரம் 74 செ.மீ., முக்காலி 45 செ.மீ., முழங்காலுக்கு 60 செ.மீ. அகல வெளி. மேசைக்கு நேர் கீழுள்ள டிராயர் 8 செ.மீ.க்கு மேல் ஆழமானால் தொடை இடிக்கும்.

டிராயர், கைப்பிடி, கீல் இவற்றில் என்ன தவறு நடக்கும்?

டிராயர் ஆழம்: அணிகலன், கைக்குட்டைக்கு 8 முதல் 10 செ.மீ., உள்ளாடைக்கு 12 முதல் 15, கம்பளி ஆடைக்கு 25. எல்லா டிராயரையும் ஒரே ஆழமாகச் செய்வதுதான் இடத்தை அதிகம் தின்னும் வழக்கம். அகலம் 90 செ.மீ. தாண்டினால் ஒரு பக்கம் இழுக்கும்போது குறுக்காகச் சிக்கும். உலோக ஓடுதளம் வைப்பதானால் பக்கத்துக்கு 12.5 முதல் 13 மி.மீ. இடம் வேண்டும். டிராயர் செய்துமுடித்தபின் இதை நினைத்துப் பயனில்லை. பழைய முறை மர ஓடுதளம் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகும்.

சட்டத்துக்குள் அமரும் கதவுதான் பழைய பாணிக்கு உரியது. சுற்றிலும் இடைவெளி 2 மி.மீ. வறண்ட பருவத்தில் பொருத்துவதானால் 3 விடுங்கள், ஈரப் பருவத்தில் மரம் வீங்கி அடைத்துக்கொள்ளும். கீல் எண்ணிக்கை: ஒரு மீட்டர் உயரக் கதவுக்கு 2, ஒன்றரை மீட்டருக்கு 3, இரண்டு மீட்டருக்கு 4. பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகாணி மென்மையானது. கடின மரத்தில் நேராக ஏற்றினால் தலை முறியும். முதலில் இரும்புத் திருகாணியை ஏற்றி வழி செய்து, கழற்றிவிட்டுப் பித்தளையை ஏற்றுங்கள்.

தள்ளு கதவு வைக்கலாமா?

நடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் மட்டும். ஆழம் இன்னும் 8 முதல் 10 செ.மீ. கூடும், எந்த நேரமும் பாதி அலமாரிதான் திறந்திருக்கும், பலகை பதித்த கதவின் அழகும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது கெடும்.

வீட்டிலேயே பழைய மர அலமாரி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது நல்லதா?

மிகவும் நல்லது. முதலில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஊசித்துளையும், அடியில் மாவு போன்ற புதுத் தூளும் இருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. துடைத்துவிட்டு, கறுப்புத் தாள் விரித்து ஒரு மாதம் பாருங்கள், தூள் மறுபடி விழுந்தால் மருந்தடித்த பிறகே மற்ற மரத்தோடு சேர்க்க வேண்டும். மண்குழாய் தெரிந்தால் அது கறையான், அலமாரிக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும்.

பழைய அலமாரிகள் பல 45 செ.மீ. ஆழம்தான். மாடத்துக்குச் சொன்ன முன்பின் கம்பி இங்கும் பொருந்தும். பாரம் ஏறிய தனி அலமாரி கதவைத் திறந்ததும் முன்னால் சாயக்கூடும். உச்சியில் இரு கோணத்தகட்டால் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் முதல் நாளே.

பட்டும் கம்பளியும் கெடாமல் இருக்க?

அந்துப்பூச்சியின் புழு பட்டையும் கம்பளியையும் தின்னும், பருத்தியில் அதற்கு ஆர்வமில்லை. கஞ்சி போட்ட பருத்தியைத் தேடி வருவது வெள்ளிமீன் பூச்சி. ஆகவே நீண்ட நாள் வைக்கும் பருத்தியைக் கஞ்சியில்லாமல் வையுங்கள், பட்டையும் கம்பளியையும் சுத்தம் செய்த பிறகே வையுங்கள். வியர்வைக் கறைதான் புழுவுக்கு முதல் ஈர்ப்பு. அந்துருண்டை வைத்தால் துணியில் படாமல் பையில் கட்டி வையுங்கள், இருவகை உருண்டைகளை ஒரே அலமாரியில் கலக்காதீர்கள். தேவதாரு மரத் துண்டின் மணம் நாளடைவில் மங்கும், உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்சம் திரும்பும்.

பாலிஷ் இல்லாத மரத் தட்டின்மேல் பட்டுத் துணியை நேரடியாக வைக்கக் கூடாது. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி துணியை மஞ்சளாக்கும். துவைத்து வெளுத்த பருத்தித் துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். சரிகை உள்ளதைச் செய்தித்தாளிலோ பிளாஸ்டிக் உறையிலோ சுற்ற வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பு அதே கோட்டில் விழாமல் மாற்றி மடியுங்கள். மடிப்பில்தான் சரிகை முதலில் அறும்.

வேலை முடிந்தது. உடனே துணி அடுக்கலாமா?

பொறுங்கள். பாலிஷும் பெயின்டும் தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே உலர்ந்திருப்பது வேறு. எல்லாக் கதவுகளையும் டிராயர்களையும் திறந்து வைத்து, சன்னலையும் திறந்து, இரண்டு முதல் மூன்று வாரம் விடுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க மூடி வைத்து, மறுநாள் காலை திறந்து முகர்ந்து பாருங்கள். நெடி இருந்தால் இன்னும் ஒரு வாரம். நெடி போனபின் முதலில் பருத்தியை அடுக்குங்கள், பட்டும் கம்பளியும் இன்னொரு மாதம் கழித்து ஏறட்டும். இதற்கிடையில் கதவுகளின் மரம் புது இடத்து ஈரப்பதத்துக்குப் பழகியிருக்கும். எங்காவது உரசினால் அப்போது இழைக்கச் சொல்லுங்கள், முதல் வாரத்தில் அல்ல.